ஒரு கைப்பிடி சாமை

கோழிக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போதே நான் போய் நின்றுவிட்டேன். நெஞ்சுக்கறி அரைக் கிலோ, எலும்பு ஒரு துணுக்குகூட வரக்கூடாது, தோல் வேண்டாம் என்றேன். "இன்னாக்கா, ஆளயே காணோம்? பர்கர் போடறத வுட்டுட்டீங்களா?" என்று கேட்டார். பத்து மாதமாக நான் வரவில்லை என்பது கறி வெட்டுகிறவருக்குக்கூட ஞாபகம் இருக்கிறது. "பாப்பாவுக்குப் பரீட்சைங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நாலாங்கிளாஸ் பிள்ளைக்குப் பத்து மாதம் என்ன பரீட்சை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கறியைக் கழுவி, துணியில் ஒற்றி, சின்னச் சின்னதாக வெட்டி ஃப்ரீசரில் வைத்தேன். அரை மணி நேரம் இருக்க வேண்டும். கறி கொஞ்சம் விறைத்துக்கொண்டால்தான் மிக்சியில் உதிரி உதிரியாக அரைபடும். இல்லையென்றால் மாவாகிவிடும், சுட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும். ஜாரில் போட்டு ஒரேயடியாக ஓடவிடக் கூடாது. விட்டு விட்டு நாலு சுற்று, ஒரு கிளறல், மறுபடி நாலு சுற்று. வெங்காயத்தைப் பொடியாக அரிந்து உப்புப் போட்டுப் பிழிந்து, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, மிளகுத்தூள் எல்லாம் சேர்த்து, ஒரு முட்டை உடைத்து ஊற்றினேன். கடைசியில் இத்தனையையும் பிடித்து நிறுத்துவதற்கு ரஸ்க் தூள். அதைக் கொட்டும்போது கை பாதியில் தயங்கியது. இருபது வயதில் வீட்டுக்குத் தெரியாமல் மலையிறங்கி வந்து கல்யாணம் செய்துகொண்டபோது தயங்காத கை, ரஸ்க் தூளுக்குத் தயங்குகிறது.

முருகவேல் பல் தேய்த்துக்கொண்டே அடுப்படியில் எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு செவ்வாக்கெழமையா?"

"ம்."

"நானும் வரட்டா பஸ் ஸ்டாண்டுக்கு?"

"வேணாங்க. நா மட்டும் போய்ட்டு வந்துடறேன்."

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து நின்றார். "குடுத்துட்டு வா. ஆனா நீ எதயும் பேசாத" என்றார். என் வாயைப் பற்றி என்னைவிட என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய் என்றால் அது அப்பாவின் நாள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க மலையிலிருந்து கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்கு வருவார். வெள்ளிமலையைத் தாண்டிப் போகவேண்டும் எங்கள் ஊருக்கு. சாமையும் கேழ்வரகும் போடுகிற மேட்டுப் பூமி, கொல்லி என்போம், கொஞ்சம் மரவள்ளி. வீரமுத்து என்று பெயர் சொன்னால் சுற்றுப்பட்ட ஊர்களில் தெரியும். வசதியினால் அல்ல, வார்த்தையினால். வரப்புத் தகராறு, பாகத் தகராறு, புருஷன் பெண்டாட்டி சண்டை எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நிறையப் பேசமாட்டார். ஆனால் ஒன்று சொல்லிவிட்டால் அதன்படி அவரே முதலில் நிற்பார், அதனால் மற்றவர்களும் நிற்பார்கள்.

அப்படிப்பட்டவர் பெண்தான், கரண்ட் லைன் இழுக்க வந்த களமருதூர்க்காரரோடு ஒரு விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறிக் கீழே வந்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து அப்பா கள்ளக்குறிச்சியில் எங்கள் வாடகை வீட்டைத் தேடி வந்தார். வாசலுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றார். அடிப்பார், திட்டுவார் என்று நினைத்திருந்தேன். "நீ செத்துட்டன்னு சொல்ல மாட்டேன். எம் பொண்ணுதான். வருவேன், பாப்பேன். ஆனா ஒன் வூட்டுச் சோத்துல எங் கை படாது" என்றார். கூட வந்திருந்த ஊர்க்காரர்கள் நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னார். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார்.

பதின்மூன்று வருடம் ஆகிறது. சொன்னதில் இரண்டு பாதியையும் அவர் காப்பாற்றினார். மாதாமாதம் வருவார், பார்ப்பார், சாப்பிடமாட்டார். முதலில் தண்ணீர்கூட அவர் பாட்டிலில் கொண்டுவந்ததுதான். எங்கள் பெண் தமிழ்ப்ரியா பிறந்தபிறகு எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் குடித்தார். அவள் நடக்க ஆரம்பித்தபோது டீ குடித்தார். அவள் தன் கையால் வாயில் திணித்த பிஸ்கெட்டைத் துப்ப முடியாமல் தின்றார், அதற்கப்புறம் முறுக்கு, அதிரசம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "சோறுன்னுதான சொன்னேன், இது பலகாரம்" என்று அவருக்கு அவரே பஞ்சாயத்து பண்ணித் தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை விரதம் என்று சொல்லிவிட்டு எட்டு இட்லி சாப்பிடுகிறவர்களும் இதே சட்டத்தில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் மதியம் ஒரு மணியானால் எழுந்துவிடுவார். குக்கர் விசில் அடிக்கிற நேரத்துக்கு அவர் தோளில் துண்டு ஏறிவிடும். பஸ் இரண்டரை மணிக்குத்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒன்றரை மணி நேரம் வெயிலில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார். இங்கே நான் முருகவேலுக்குச் சோறு போட்டுக்கொண்டே, வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிற மனுஷனை நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் முன்னால் இலை போட்டு என் கையால் சோறு போடவேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சொந்த வீடு வேண்டும் என்றுகூட அப்படி ஏங்கியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் தமிழ்ப்ரியா, கூடப் படிக்கிற பெண்ணின் பிறந்த நாளுக்குப் பேக்கரிக்குப் போய்விட்டு வந்து, பர்கர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பேக்கரியில் வாங்கினால் எண்ணெய் எத்தனை நாள் எண்ணெயோ என்று, யூடியூபைப் பார்த்து நானே செய்ய ஆரம்பித்தேன். நடுவில் வைக்கிற கறி வட்டத்துக்குச் சிக்கன் பேட்டி என்று பெயர் என்றேன். "கோழி யாருக்குப் பேட்டி குடுத்துது?" என்றார் முருகவேல். முதல் தடவை கல்லில் போட்டதும் உதிர்ந்து பொடிமாஸ் ஆகிவிட்டது. இரண்டாம் தடவை நடுவில் உப்பிப் பந்தாகிவிட்டது. நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தினால் உப்பாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பால் கவரை வெட்டி எண்ணெய் தடவி, ஊறுகாய் பாட்டில் மூடியை வைத்து அழுத்தி எடுத்தால் எல்லாம் ஒரே அளவில் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை தட்டில் அடுக்கி வைத்திருந்ததை அப்பா பார்த்தார். "இன்னாது இது?" என்றார். "கறி வடை தாத்தா" என்றாள் தமிழ்ப்ரியா. பிள்ளைக்கு எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்று தெரியாது, ஆனால் வடை என்றதும் அது பலகாரக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அப்பா ஒன்றை எடுத்துத் தின்றார். மலையில் ஊர்க்கோழி அடித்துத் தின்கிறவருக்குப் பிராய்லர் ஒரு கோழியே இல்லை. "எலும்பும் இல்ல, நரம்பும் இல்ல. இது கோழிதான்னு நீதான் சொல்லணும்" என்றார். ஆனால் அடுத்ததையும் எடுத்தார். அதிலிருந்து மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கு நான் கறி வடை செய்யாமல் இருந்ததில்லை. மூன்று தின்றுவிட்டு, டீ குடித்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு மணிக்கு எழுந்து போய்விடுவார்.

நான் அதோடு விட்டிருக்க வேண்டும்.

போன வருடம் ஆனி மாதம். கறியை அரைத்து எல்லாம் பிசைந்தபிறகு பார்த்தால் ரஸ்க் இல்லை. முந்தின மாதம் அப்பா பேத்திக்குக் கஞ்சி வைக்கச் சொல்லி மஞ்சப்பையில் கொண்டுவந்து கொடுத்த சாமை, காலையில் பொங்கினது, பாத்திரத்தில் மீந்து கிடந்தது. குழைந்த சோறு நன்றாகத்தானே பிடிக்கும் என்று ஒரு கைப்பிடி எடுத்து மசித்துப் போட்டேன். சத்தியமாக அப்போது மனதில் ஒன்றும் இல்லை. சுட்டு எடுத்தால் ரஸ்க்கைவிட நன்றாக வந்தது. ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று. அப்பா மூன்று தின்றுவிட்டு நாலாவதுக்குக் கை நீட்டினார். "இன்னிக்கு நல்லா இருக்குது" என்றார். பதின்மூன்று வருடத்தில் என் கைச் சமையலைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அவர் போனபிறகு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அப்பா என் வீட்டுச் சோறு தின்றுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பாவம் செய்துவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும், இல்லையா? எனக்குச் சிரிப்பு வந்தது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தனியாகச் சிரித்தேன்.

அடுத்த மாதம் ரஸ்க் இருந்தது. இருந்தும் சாமைதான் போட்டேன். அதற்கடுத்த மாதம் இரண்டு கைப்பிடி. மார்கழியில் கறி பாதி, சோறு பாதி. மிளகையும் மல்லியையும் கூட்டிப் போட்டு மறைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே, தின்னுப்பா, நல்லா தின்னு, இது எங்க வூட்டுச் சோறு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். முருகவேலிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வேணாம் சுதா. அந்த மனுசன் சொல்லுக்காகவே உசுரோட இருக்கறவரு. தெரிஞ்சா தாங்க மாட்டாரு" என்றார். தெரிந்தால்தானே என்றேன்.

தை மாதம் என் தம்பி ராஜதுரை மலையில் தளம் போட்டு வீடு கட்டிப் பால் காய்ச்சினான். அப்பாவே வெற்றிலை பாக்கோடு வந்து கூப்பிட்டார். "புள்ளயக் கூட்டிக்கினு வா. மாப்ளயயும்" என்றார். மாப்ள என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது. வண்டி மலையேறும்போது முருகவேல் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பதின்மூன்று வருடம் கழித்து, எல்லோர் முன்னாலும் நான் எங்கள் ஊரில் போய் இறங்கினேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வரிசையில் அப்பா, அவருக்குப் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள். பரிமாறிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு அத்தை, அப்பாவின் தங்கை, என் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். "இன்னாடி சுதா, நீ வந்து எங்க வூட்ல சாப்புடற. எங்கண்ணன் இன்னும் ஒன் வூட்ல கை நனைக்கல போல?" பக்கத்தில் இருந்த ஒருவர், "வீரமுத்து சொல்லுன்னா சும்மாவா?" என்றார். அப்பா தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, லேசாகச் சிரித்து, "சொன்னது சொன்னதுதான்" என்றார்.

அந்தச் சிரிப்புதான். அது பெருமைச் சிரிப்பு. என் கண்ணெதிரே பட்டினியாக எழுந்து போன அத்தனை ஒரு மணிகளும் அந்தச் சிரிப்பில் அவருக்குப் பெருமையாக இருந்தன. எனக்குச் சுர்ரென்று ஏறியது. முருகவேல் என் முழங்காலை அழுத்தினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"கேட்டுக்கோ அத்த," என்றேன், பந்திக்கே கேட்கும்படி. "ஏழு மாசமா எங்கப்பா எங்க வூட்டுச் சோத்தத்தான் தின்னுகினு இருக்குது. கறி வடையில பாதி சாமச் சோறு. நாந்தான் பெசஞ்சி போட்டேன். நல்லா இருக்குதுன்னு சொல்லிச் சொல்லித் தின்னுது. வேணும்னா கேளு."

அத்தை குழம்பு வாளியைக் கீழே வைத்தாள். அப்புறம் வரிசையின் கடைசியில் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, விஷயம் தெரியாமல் வந்த சிரிப்புதான். ஆனால் ஒருவர் சிரித்ததும் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். "வீரமுத்துவ ஏமாத்த அவரு பொண்ணாலதான் முடியும்" என்று யாரோ சொன்னார்கள். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு நானும் பேசியிருப்பேன். கணக்குச் சரியாக வரவில்லையே என்று யோசிக்கிற மாதிரி பார்த்தார். "அப்படியா?" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். அன்று சாயங்காலம் நாங்கள் புறப்படும்போது அவர் கொல்லியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அம்மா போனில் மாசி மாதம் சொன்னாள். அம்மா செல்லியம்மாள் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவள். "தையி முடிஞ்சதும் ஒன் வூட்டுக்கு வர்றதாத்தான் இருந்தாருடி. ஊருல நாலு பேரக் கூப்ட்டு, சொன்ன சொல்ல வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு, கோயில்ல தேங்கா ஒடச்சிட்டு, எல்லாருமா போயி சாப்ட்டு வரலாம்னு எங்கிட்ட சொன்னாரு. அதுக்குத்தான் மாப்ளயயும் கூப்ட்டது." அதை எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்திக்காட்டச் சொன்னாளா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு முருகவேல்தான் சமைத்தார்.

ஒரு மாதம். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவரே இலையில் உட்கார்ந்திருப்பார். நான் என்னென்னவோ சமைத்திருப்பேன்.

மாசிச் செவ்வாய் அப்பா வரவில்லை. பங்குனிச் செவ்வாயும் வரவில்லை. ஆடியில் ராஜதுரை போன் செய்தான். ஏதோ வரப்புத் தகராறு என்று இரண்டு பேர் அப்பாவைக் கூப்பிட வந்தார்களாம். "எஞ் சொல்லே நிக்கல, நா இன்னாத்த வந்து ஒங்களுக்குச் சொல்றது? வேற ஆளப் பாருங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அவர்களும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்களாம். "அதுக்கப்புறம் யாரும் வர்றதில்லக்கா" என்றான். மாத்திரை மட்டும் மாதாமாதம் வாங்கி வருவதாகவும் சொன்னான். அப்படியென்றால் அவர் கள்ளக்குறிச்சிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். என் வீட்டுக்கு வராமல், நேராகப் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் போய் நிற்க எனக்கு இன்னும் நாலு மாதம் ஆனது. கார்த்திகைச் செவ்வாய்க்குத்தான் தைரியம் வந்தது.

ஆறு வடை சுட்டேன். ஆறையும் டப்பாவில் அடுக்கி, தமிழ்ப்ரியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வேண்டாத வேலையெல்லாம் செய்து நேரத்தைத் தள்ளி, ஒன்றரை மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மலைக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது. மாத்திரைக் கவர் மடியில் இருந்தது.

"வா" என்றார். நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாப்பா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்குது. தாத்தா ஏன் வர்றதில்லன்னு கேக்குது."

கச்சிராயபாளையம் டவுன் பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"சக்கர எவ்ளோ இருக்குதாம்ப்பா?"

"ஜாஸ்தியாத்தான் இருக்குதாம். மாத்திர மாத்திக் குடுத்திருக்காங்க."

பேசாதே என்று முருகவேல் சொல்லி அனுப்பியிருந்தார். பேசாமல் இருந்தால் செத்துப்போவேன் போலிருந்தது.

"அப்பா, நா செஞ்சது தப்புப்பா."

"நீ போட்டத நா தப்புன்னு சொல்லல. எஞ் சாமதான, எங் கொல்லியில வெளஞ்சதுதான" என்றார். "அன்னிக்கிப் பந்தியில, சொன்னது சொன்னதுதான்னு சொன்னேன் பாரு. அதத்தான் நெனச்சிகினு கெடக்கறேன். அத்தன பேரு முன்னால பொய்யி சொல்லியிருக்கேன். பொய்யின்னு தெரியாமயே சொல்லியிருக்கேன். அப்படின்னா, இத்தன வருசம் பஞ்சாயத்துல ஒக்காந்து இன்னான்னா சொன்னனோ, யாருக்குத் தெரியும்?"

இதை அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பொம்பளை அழுதால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள், பார்த்தார்கள். அப்பா துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தேன்.

"இன்னிக்கு ரஸ்க்குதாம்ப்பா போட்டுருக்கேன். சாமயே போடல."

"நா கேக்கலியே" என்றார்.

ஆனால் கையை நீட்டி ஒன்றை எடுத்தார். அவர் எடுத்தார். அது போதும், தின்றாலும் தின்னாவிட்டாலும் எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். டப்பாவில் போட்டிருந்த பேப்பரில் பாதியைக் கிழித்து மடியில் விரித்து, அதன்மேல் வடையை வைத்து இரண்டாகப் பிய்த்தார். பிய்த்த இடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பாதியை இன்னும் பாதியாகப் பிய்த்தார். கட்டைவிரல் நகத்தால் கறியைக் கீறி, விலக்கி, உள்ளே பார்த்தார். கொத்தமல்லியைத் தனியாக ஒதுக்கினார். மிளகாயைத் தனியாக ஒதுக்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினார். முகம் சுருங்கிவிட்டது.

"வேணும்னு செய்யலம்மா" என்றார். "கையி தானா பிக்குது. வூட்டுலயும் இப்படித்தான். ஒங்கம்மா வெக்கிற கொழம்பக்கூட கெளறிக் கெளறிப் பாத்துட்டுத்தான் திங்கறேன். நாப்பது வருசமா அவ கையால தின்னுகினு இருக்கேன், அவ மேல இன்னா சந்தேகம்? ஆனா கையி நிக்க மாட்டேங்குது. அவளும் பாத்துகினு சும்மாத்தான் இருக்கா."

வேண்டாத நேரத்தில் எல்லாம் பேசுகிற வாய்க்கு அப்போது ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளிமலை பஸ் உள்ளே வந்து திரும்பியது. உட்கார இடம் பிடிக்க ஆட்கள் ஓடினார்கள், ஜன்னல் வழியாகப் பையைப் போட்டார்கள். அப்பா பேப்பரை நாலு பக்கமும் மடித்துச் சிந்தாமல் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். டப்பாவை நீட்டினேன். "பாப்பாவுக்கு வெச்சுக்கோ" என்றார். மாத்திரைக் கவரை அவர் சட்டைப் பையில் நான் செருகிவிட்டேன். ஏறும்போது படியில் கொஞ்சம் தடுமாறினார். நான் பிடிப்பதற்குள் கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

நான் நின்ற பக்கமே ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் பேப்பரை மடியில் விரித்தார். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். எதையாவது சொல்வார் என்று பார்த்தேன், அவர் குனிந்துகொண்டிருந்தார். டிரைவர் ஏறி, வண்டியைக் கிளப்பி, ஒரு ஹாரன் அடித்தார். அப்போது அப்பா தலையை நிமிர்த்தி, ஆள்காட்டி விரலை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். விரல் நுனியில் ஒரு சின்ன வெள்ளைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"பூண்டுப்பா!" என்று கத்தினேன். "அது பூண்டு!"

பஸ் நகர்ந்தது. கூடவே நடந்தேன், அப்புறம் ஓடினேன். "பூண்டுதாம்ப்பா, நா அரிஞ்சி போட்டது!" அவருக்குக் கேட்டது. என் பக்கம் திரும்பி, சரி சரி என்று தலையை ஆட்டினார். பஸ் ஸ்டாண்டைவிட்டு வெளியே திரும்புகிற இடத்தில் வண்டி வேகம் குறைந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அப்பா தலையை ஆட்டிக்கொண்டேதான் இருந்தார். விரல் அப்படியே கண்ணுக்குக் கிட்டே இருந்தது.